பனிக்காலத்து ப்ளூ ஜேஸ் செய்திகளில் எதை நம்பலாம்?

ரொறொன்ரோவுக்கு வந்து இரண்டு வருடமான ஒரு தம்பி கேட்டிருக்கிறார். போன ஒக்டோபரில் வேலையிடத்தில் எல்லோரும் இந்த ஊர் பேஸ்போல் அணியான ப்ளூ ஜேஸின் ஆட்டங்களைப் பார்க்க, தானும் அவர்களோடு சேர்ந்து பார்த்து உள்ளே இழுபட்டுவிட்டாராம். இப்போது ஆட்டமே இல்லை. ஆனாலும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் அதே கதைதான்: யாரை எடுத்தார்கள், யார் போய்விட்டார், யாருக்கு எத்தனை மில்லியன். ‘ஸ்பிரிங் ட்ரெயினிங் (பருவத்துக்கு முந்திய பயிற்சி முகாம்) தொடங்குவதற்கு முன் இந்தச் செய்திகளை எப்படி விளங்கிக்கொள்வது? இதை வைத்து இந்த வருடம் அணி நன்றாக விளையாடுமா என்று சொல்ல முடியுமா?’ இதுதான் அவருடைய கேள்வி.

ஒரே கேள்விபோலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. எது செய்தி, எது வெறும் பேச்சு என்று பிரிப்பது எப்படி என்பது ஒன்று. பனிக்காலத்துச் செய்தியை வைத்துக் கோடையைச் சொல்லலாமா என்பது மற்றது. முதலாவதுக்குத் தெளிவான பதில் உண்டு, ஏனென்றால் அதற்கான விதிகள் எழுத்தில் இருக்கின்றன. இரண்டாவதுக்கு என் பதில், பெரும்பாலும் முடியாது என்பதுதான். அந்தப் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லுக்குள் கொஞ்சம் இடம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் அணிக்குள் வேலை செய்தவனில்லை, பத்திரிகைக்காரனுமில்லை. 1991 இல் இங்கே வந்தேன். 1993 ஒக்டோபர் 23 இரவு ஜேஸின் ஜோ கார்ட்டர் அடித்த ஹோம் ரன்னோடு உலகத் தொடர் என்ற இறுதித் தொடரை அணி வென்றபோது, ஸ்காபரோவில் எட்டுப் பேர் இருந்த ஒரு அபார்ட்மெண்டில் பழைய ரீவிக்கு முன்னால் இருந்தேன். அன்றைக்கு விதிகளில் பாதி விளங்கவில்லை. பிறகு பிள்ளைகள் விளையாடத் தொடங்க, அவர்களுடைய லீக்கில் ஸ்கோர் எழுத ஆள் இல்லையென்று என்னைப் பிடித்து இருத்தினார்கள். அந்தக் கதிரையில் பதினாறு வருடம் இருந்தேன். ஸ்கோர் எழுதுகிறவன் விதிப்புத்தகத்தை வாசிக்காமல் தப்ப முடியாது. அப்படித் தொடங்கி, லீக்கும் வீரர் சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தையும் வாசிக்கப் பழகினேன். நான் சொல்லப்போவது அந்த வாசிப்பிலிருந்தும், முப்பதுக்கு மேற்பட்ட பனிக்காலங்களை இந்த அணியோடு கழித்ததிலிருந்தும் வருவது.

முதலில் செய்தியின் படிகளைப் பார்ப்போம். ‘இந்த வீரரில் ப்ளூ ஜேஸுக்கு ஆர்வம்’ என்பது ஆகக் கீழ்ப்படி. ஆர்வம் எல்லா அணிக்கும் இருக்கும். விலை ஏறவேண்டும் என்று வீரரின் ஏஜென்ட்டே அந்தக் கதையை வெளியே விடலாம், அதில் பிழையும் இல்லை, அது அவருடைய தொழில். அடுத்தது ‘பேச்சு நடக்கிறது’. அதற்கு மேலே ‘உடன்பாடு வந்துவிட்டது’. இங்கேதான் நிறையப் பேர் முடிந்துவிட்டது என்று கொண்டாடத் தொடங்குவார்கள். அதற்குப் பிறகும் மருத்துவப் பரிசோதனை என்று ஒரு படி இருக்கிறது. அதுவும் முடிந்து, அணி தானே அறிவித்து, நாற்பது பேர் பட்டியலில் பெயர் ஏறினால்தான் செய்தி கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த மருத்துவப் படி சும்மா ஒரு சடங்கு என்று நினைக்காதீர்கள். 2022 டிசம்பரில் கார்லோஸ் கொரேயா சான் ஃபிரான்சிஸ்கோவோடு 13 வருடத்துக்கு 350 மில்லியன் டொலருக்கு உடன்பட்டார். அறிமுகக் கூட்டத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது. பரிசோதனையில் அவருடைய பழைய கால் காயம் பற்றிக் கேள்வி எழும்ப, அது நின்றுபோனது. உடனே நியூயோர்க் மெட்ஸ் 12 வருடத்துக்கு 315 மில்லியன் என்றது. அதுவும் அதே காலால் நின்றது. கடைசியில் ஜனவரியில் முன்பு விளையாடிய மினசோட்டாவுக்கே 6 வருடத்துக்கு 200 மில்லியனுக்குத் திரும்பிப் போனார். ஒரே பனிக்காலத்தில் இரண்டு ஊர் ரசிகர்கள் அவர் தங்களுடைய ஆள் என்று படுக்கப் போய், இல்லை என்று எழும்பினார்கள்.

எங்களுக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. 2023 டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை. அந்தப் பனிக்காலம் முழுக்க ஷோஹேய் ஓட்டானி எங்கே போவார் என்பதுதான் பேச்சு. பந்தும் எறிவார், அடிக்கவும் அடிப்பார், இரண்டிலும் உச்சத்தில் இருப்பவர். அன்று காலை அவர் ரொறொன்ரோவைத் தெரிவு செய்துவிட்டார் என்று ஒரு நிருபர் எழுதினார். இன்னொருவர், அவர் ரொறொன்ரோவுக்குப் பயணத்தில் இருக்கிறார் என்று எழுதினார். கலிபோர்னியாவிலிருந்து ஒரு தனியார் விமானம் பியர்சன் விமான நிலையத்தை நோக்கி வருவதை யாரோ கண்டுபிடித்தார்கள். அவ்வளவுதான், நாட்டில் பாதிச் சனம் ஃபோனில் அந்தச் சின்ன விமானப் படம் வரைபடத்தில் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில் ஒருவருமே சாப்பிடவில்லை. மைக்ரோவேவில் வைத்த என் சோறு திரும்பக் குளிர்ந்துபோனது. ஜேஸின் பிட்சர், அதாவது பந்து எறிபவர், யுசே கிகுச்சி மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு சுஷிக் கடையை முழுதாகப் பிடித்துவைத்திருக்கிறார் என்று ஒரு கதை வேறு. நானும் நம்பினேன். மகளுக்கு ஃபோன் எடுத்து, ‘வருகிறான் பிள்ளை, வருகிறான்’ என்று சொன்னேன்.

விமானம் இறங்கியது. உள்ளே இருந்து வந்தவர் கனடியத் தொழிலதிபர் ரொபர்ட் ஹெர்ஜாவெக், தன் பிள்ளைகளோடு. அடுத்த நாள் ஓட்டானி தன் இன்ஸ்டகிராமில் லொஸ் ஏஞ்சலஸ் டொட்ஜர்ஸ் என்று அறிவித்தார். விமானச் செய்தியை எழுதிய நிருபர் பிறகு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார், அது நேர்மையான காரியம். அந்த நாளில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: அன்று எங்களிடம் இருந்த ஒரே உறுதியான தகவல், ஒரு விமானம் பறக்கிறது என்பது. மற்ற எல்லாவற்றையும் நாங்களே எங்கள் ஆசையால் நிரப்பினோம். இப்போது எந்தச் செய்தி வந்தாலும், இதில் யாருக்காவது கண்ணால் தெரிந்தது எது என்று முதலில் தேடுகிறேன்.

சரி, உறுதியான பக்கத்துக்கு வருவோம். வேலையிடத்தில் நீங்கள் கேட்கும் சொற்களில் பாதி இங்கேதான் வரும். ஒரு அணி நாற்பது பேரைத் தன் பெரிய பட்டியலில் வைத்திருக்கலாம். அதில் 26 பேர் ஆட்ட நாளில் இருப்பார்கள், மற்றவர்கள் கீழ் லீக்குகளில். பட்டியல் நிரம்பியிருக்கும்போது புதியவர் ஒருவரை எடுத்தால் ஒருவர் வெளியே போகவேண்டும். அதைத்தான் ‘டி.எஃப்.ஏ. பண்ணிவிட்டார்கள்’ என்பார்கள். அதற்குப் பிறகு ஏழு நாளுக்குள் அவரை வேறு அணிக்கு மாற்றவேண்டும், இல்லாவிட்டால் மற்ற அணிகள் எடுக்கிறதா என்று கேட்டு முன்னால் வைக்கவேண்டும். ‘ஒப்ஷன் இருக்கிறதா’ என்று கேட்பது வேறு. நாற்பதுக்குள் இருக்கும் இளம் வீரரை மூன்று வெவ்வேறு பருவங்களில் கீழே அனுப்பலாம், யாரிடமும் கேட்கத் தேவையில்லை. மூன்றும் முடிந்தால் அவரைப் பெரிய அணியில் வைத்திருக்கவேண்டும், அல்லது இழக்கும் அபாயத்தை எடுக்கவேண்டும். மார்ச் கடைசியில் நன்றாக அடித்த ஒரு பெடியனைக் கீழே அனுப்பிவிட்டு, சுமாராக அடித்த ஒருவரை வைத்திருந்தால் சனம் கோபப்படும். பெரும்பாலும் காரணம் இந்த ஒப்ஷன்தான்.

சம்பளம் சேவைக் காலத்தைப் பொறுத்தது. பெரிய லீக்கில் 172 நாள் இருந்தால் ஒரு வருடம் என்று கணக்கு. முதல் மூன்று வருடம் அணி கொடுப்பதுதான் சம்பளம், குறைந்தபட்சத் தொகைக்குக் கிட்ட இருக்கும். ஆறு வருடம் முடிந்தால் வீரர் சுதந்திரமாக எந்த அணிக்கும் போகலாம். இடையில் உள்ள மூன்று வருடம்தான் ‘ஆர்பிட்ரேஷன்’ காலம். இரண்டு பக்கமும் உடன்படாவிட்டால் வீரர் ஒரு தொகை சொல்வார், அணி ஒரு தொகை சொல்லும். மூன்று நடுவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம், நடுவில் பிரித்துக் கொடுக்க முடியாது. 2024 பெப்ரவரியில் ஜேஸின் நட்சத்திரம் விளாடிமிர் கெரேரோ ஜூனியர் 19.9 மில்லியன் கேட்டார், ஜேஸ் 18.05 மில்லியன் என்றது. கெரேரோ வென்றார். வித்தியாசம் இரண்டு மில்லியனுக்கும் குறைவு. ஆனால் அந்த அறையில் நடப்பதை யோசித்துப் பாருங்கள்: இந்த அணிக்காக வளர்ந்த பிள்ளையை முன்னால் இருத்திவிட்டு, இவர் ஏன் அந்த அளவுக்குப் பெறுமதி இல்லை என்று அணியின் சட்டத்தரணிகள் வாதாடவேண்டும். அப்போது நிறையப் பேர் உறவு முறிந்துவிட்டது என்று எழுதினார்கள். எனக்கும் மனம் சரியில்லை.

பணத்தில் இன்னொரு சிக்கல், எப்போது கொடுக்கிறார்கள் என்பது. ஓட்டானிக்குப் பத்து வருடத்துக்கு 700 மில்லியன் என்றார்கள். உண்மையில் அந்தப் பத்து வருடமும் வருடத்துக்கு 2 மில்லியன்தான். மிச்சம் 680 மில்லியனும் வட்டியில்லாமல் 2034 தொடக்கம் 2043 வரை கொடுக்கப்படும். பத்து வருடம் கழித்து வரும் டொலரின் இன்றைய பெறுமதி குறைவு என்பதால், மொத்தச் சம்பளம் ஒரு எல்லையைத் தாண்டும் அணிகள் கட்டும் ஆடம்பர வரிக் கணக்கில் அது வருடத்துக்கு ஏறக்குறைய 46 மில்லியனாகத்தான் விழுகிறது. 2026 க்கு அந்த வரியின் முதல் எல்லை 244 மில்லியன் டொலர். சீட்டுக் கட்டிப் பழகிய ஆக்களுக்கு இது உடனே விளங்கும்; முதல் மாதம் எடுக்கிற காசும் கடைசி மாதம் எடுக்கிற காசும் ஒன்றில்லை. எங்கள் அணிக்கு மேலதிகமாக ஒரு பாரம் உண்டு. ரிக்கெட்டும் ரீவி வருமானமும் பெரும்பாலும் கனடிய டொலரில் வருகிறது, சம்பளம் அமெரிக்க டொலரில் போகிறது. ஆகவே யாராவது பெரிய தொகை ஒன்றைச் சொன்னால், எத்தனை வருடம், எப்போது கையில் கொடுக்கிறார்கள், நடுவில் விட்டுப்போகும் உரிமை வீரருக்கு உண்டா என்று மூன்றையும் கேளுங்கள்.

இவ்வளவும் எழுத்தில் உள்ளவை, சரிபார்க்கக்கூடியவை. இனி இரண்டாவது கேள்வி. பனிக்காலத்தை வைத்துக் கோடையைச் சொல்லலாமா?

2012 நவம்பரில் ஜேஸ் மயாமியிலிருந்து ஒரே ட்ரேடில், அதாவது வீரர்களை மாற்றிக்கொள்ளும் பேரத்தில், ஹொசே ரெய்யெஸ், மார்க் பர்லி, ஜொஷ் ஜோன்சன் என்று ஒரு வரிசையையே கொண்டுவந்தது. டிசம்பரில், அந்த வருடம் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கிய ஆர்.ஏ. டிக்கியையும் கொண்டுவந்தார்கள். அவருக்காகக் கொடுத்த இளம் வீரர்களில் நோவா சின்டர்கார்ட் இருந்தார். அந்த ஜனவரியைப் போல ஒரு ஜனவரியை நான் பார்த்ததில்லை. பந்தயக்காரர்கள் உலகத் தொடரை வெல்லும் வாய்ப்பு ஜேஸுக்குத்தான் அதிகம் என்றார்கள். வீட்டில் நாலு பேருக்கும் இருபது ஆட்டத்துக்கு ரிக்கெட் எடுத்தேன், அந்த வருடம் எங்களுக்கு அது பெரிய செலவு. ஏப்ரல் நடுவில் ரெய்யெஸ் இரண்டாம் பேஸுக்குச் சறுக்கும்போது கணுக்காலை முறுக்கிக்கொண்டார். ஜோன்சன் இரண்டு ஆட்டம்தான் வென்றார். முடிவில் 74 வெற்றி, 88 தோல்வி, பிரிவில் கடைசி இடம். சின்டர்கார்ட் 2015 இல் மெட்ஸுக்காக உலகத் தொடரில் பந்து எறிந்ததை ரீவியில் பார்த்தேன்.

இனி 2024–25 பனிக்காலத்தைப் பாருங்கள். அதற்கு முந்திய பருவமும் அதே 74 வெற்றி, 88 தோல்வி, அதே கடைசி இடம். ஹுவான் சோட்டோவுக்குப் போட்டியிட்டோம், அவர் 15 வருடத்துக்கு 765 மில்லியனுக்கு மெட்ஸுக்குப் போனார். ஜப்பானிய இளம் பிட்சர் ரோகி சசாக்கிக்காக, வெளிநாட்டு வீரர்களுக்கு ஒதுக்கும் தொகையில் 2 மில்லியன் கூட்டவேண்டும் என்று கிளீவ்லண்டோடு ஒரு ட்ரேட் செய்தார்கள். அதோடு மைல்ஸ் ஸ்ட்ரோ என்ற வெளிக்கள வீரரின் ஒப்பந்தமும் சேர்ந்து வந்தது. அதே நாளில் சசாக்கி டொட்ஜர்ஸ் என்று அறிவித்தார். யாரும் கேட்காத ஸ்ட்ரோ எங்களிடம் மிச்சம். கெரேரோ, ஸ்பிரிங் ட்ரெயினிங்கில் முழு அணியும் கூடும் நாளோடு ஒப்பந்தப் பேச்சை நிறுத்துவேன் என்று சொல்லியிருந்தார். அந்த நாளும் வந்து போனது. பெப்ரவரி மூன்றாம் கிழமையில் ரொறொன்ரோவில் இந்த அணியைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்று கேட்பது கஷ்டம்.

அந்த அணிதான் 94 வெற்றியோடு பிரிவை வென்றது. யாங்கீஸை வெளியேற்றியது. சியாட்டிலுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் ஜோர்ஜ் ஸ்பிரிங்கரின் மூன்று ஓட்ட ஹோம் ரன்னால் 1993 க்குப் பிறகு முதல் தடவையாக உலகத் தொடருக்குப் போனது. நீங்கள் வேலையிடத்தில் பார்த்தது அதைத்தான். அந்தத் தொடரும் ஏழாவது ஆட்டம்வரை போய், பதினோராவது இன்னிங்ஸில் 5–4 என்று டொட்ஜர்ஸிடம் தோற்றோம். அந்த இரவு பற்றி இன்னும் என்னால் அமைதியாக எழுத முடியவில்லை, ஆகவே விட்டுவிடுகிறேன். கெரேரோவோ, அந்தக் கெடு போன பிறகு ஏப்ரலிலேயே 14 வருடத்துக்கு 500 மில்லியனுக்குக் கையெழுத்திட்டுவிட்டார். உறவு முறிந்தது என்றவர்களும் நானும் ஒன்றாகப் பிழைவிட்டிருந்தோம்.

என்ன நடந்தது? 74 இலிருந்து 94 என்றால் இருபது வெற்றி. ஒரு நல்ல நட்சத்திர வீரர் முழு வருடம் விளையாடினாலும், சாதாரண மாற்று வீரரைவிட ஐந்து ஆறு வெற்றிதான் கூட்டுவார். 162 ஆட்டம் உள்ள பருவத்தில் எந்த ஒரு கையெழுத்தாலும் இருபது வெற்றி வராது. வந்தது ஏற்கெனவே இருந்தவர்களிடமிருந்து. 2024 இல் .220 அடித்து (ஆயிரம் முயற்சிக்கு 220 ஹிட் என்ற கணக்கு), விற்றுவிடுங்கள் என்று நாங்கள் எல்லோரும் சொன்ன ஸ்பிரிங்கர் 2025 இல் .309 அடித்தார், 32 ஹோம் ரன். எர்னி கிளெமென்ட் 2023 மார்ச்சில் ஒரு மைனர் லீக் ஒப்பந்தத்தில் வந்தவர். ஒக்லண்ட் விட்டுவிட்ட ஆள், அந்தச் செய்தி ஒரு வரிதான். அவர் 2025 இல் பருவம் முடிந்து வரும் பிளேஓஃப் ஆட்டங்களில் 30 ஹிட் எடுத்தார், ஒரே பிளேஓஃப் பருவத்தில் அவ்வளவு எடுத்தவர் அதற்கு முன் இல்லை. ட்ரே யெசாவேஜின் பெயரை அந்த ஜனவரியில் சாப்பாட்டு மேசையில் ஒருவரும் சொல்லவில்லை. பருவத்தை டனீடனில் உள்ள கீழ் லீக்கில் தொடங்கியவர், செப்டெம்பரில் மேலே வந்து, உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது பந்தை அடிக்க விடாமலே வெளியேற்றினார். ஸ்ட்ரோகூட வெளிக்களத்தில் எத்தனையோ ஓட்டங்களைத் தடுத்தார்.

இன்னொரு சின்னச் செய்தியும் உண்டு. 2024 ஒக்டோபரில் மினசோட்டாவிலிருந்து டேவிட் பொப்கின்ஸ் என்பவரைத் துடுப்பாட்டப் பயிற்சியாளராக எடுத்தார்கள். நான் அந்தச் செய்தியை முழுதாக வாசிக்கக்கூட இல்லை. 2025 இல் முழு லீக்கிலும் ஆகக் குறைவாக ஸ்ட்ரைக் அவுட் ஆன அணி ஜேஸ்தான். அவரால்தான் எல்லாம் என்று சொன்னால் மிகைப்படுத்துவதாகும். பந்தைத் தொடும் ஆட்களை ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்தார்கள், அதிர்ஷ்டமும் இருந்தது. ஆனால் வீரர்களே அவரைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அதிலிருந்து பயிற்சியாளர் மாற்றச் செய்திகளைத் தாண்டிப் போவதில்லை.

முன்னே சொன்ன அந்தக் கொஞ்ச இடம் எது என்றால், பனிக்காலச் செய்தி ஓட்டையை அடைக்கிறதா என்று பார்ப்பது. 2014 நவம்பரில் ஜொஷ் டொனால்ட்சனை ஒக்லண்டிலிருந்து எடுத்தபோது மூன்றாம் பேஸில் அணிக்கு உண்மையான தேவை இருந்தது, அவர் உச்ச வயதில் இருந்தார், சம்பளமும் இன்னும் பெரிதாகவில்லை. அடுத்த வருடம் அவர் அமெரிக்கன் லீக்கின் சிறந்த வீரர், அணி 22 வருடத்துக்குப் பிறகு பிளேஓஃப்பில். பெயர் எவ்வளவு பெரியது என்று பார்ப்பதைவிட, வயது என்ன, போன இரண்டு வருடம் எத்தனை ஆட்டம் விளையாடினார், அவர் வந்து யாருடைய இடத்தை எடுக்கிறார் என்று பார்த்தால் ஊகம் கொஞ்சம் உறுதிப்படும். 2012 இல் நான் பெயர்களை மட்டும்தான் பார்த்தேன்.

இந்த வருடத்துக்கு அதே முறையைப் போட்டுப் பார்க்கலாம். பிட்சர் டிலன் சீஸை 7 வருடத்துக்கு 210 மில்லியனுக்கு எடுத்திருக்கிறார்கள். அவரைப் பற்றி எனக்குப் பிடித்த விசயம், வருடாவருடம் தவறாமல் தன் முறைக்கு வந்து பந்து எறிகிறார் என்பது. நவம்பர் முதலாம் திகதிவரை பந்து எறிந்து களைத்த ஒரு பிட்சர் வரிசைக்கு அதுதான் தேவை. யெசாவேஜின் இளம் தோளைப் பற்றி எனக்கு உள்ளூரப் பயம் இருக்கிறது, அவரை மெதுவாகக் கொண்டுபோகச் சீஸ் போன்ற ஒருவர் உதவுவார். ஜப்பானிலிருந்து கசுமா ஒகமோட்டோவை 4 வருடத்துக்கு 60 மில்லியனுக்கு எடுத்தது நல்ல முயற்சி. ஆனால் அங்கே அடித்தவர் இங்கே உள்ள வேகத்துக்கு எவ்வளவு கெதியில் பழகுவார் என்பதைப் பெப்ரவரியில் யாராலும் சொல்ல முடியாது. போ பிஷெட் மெட்ஸுக்குப் போனதுதான் எனக்கு வலிக்கிறது. பதினெட்டு வயதில் இந்த அணிக்குள் வந்த பிள்ளை, .311 அடித்த பருவத்தோடு போய்விட்டார். உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் ஓட்டானியின் பந்தில் அவர் அடித்த அந்த ஹோம் ரன் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கைல் டக்கர் எங்களைத் தெரிவு செய்யாமல் டொட்ஜர்ஸுக்குப் போனதைப் பற்றி உங்கள் மேசையில் நிறையக் கேட்பீர்கள். அது எனக்குப் பெரிதாகப்படவில்லை, ஏனென்றால் அவர் எங்களிடம் ஒருநாளும் இருக்கவில்லை. ஸ்பிரிங்கருக்கு 36 வயது, ஒப்பந்தத்தின் கடைசி வருடம். என் பார்வையில் இந்தப் பருவத்தின் பெரிய கேள்வி அவரும் யெசாவேஜும்தான், புதிதாக வந்தவர்கள் அடுத்துத்தான்.

அப்புறம் ஸ்பிரிங் ட்ரெயினிங்கைப் பற்றி. ஜேஸ் 1977 இல் தொடங்கிய நாளிலிருந்து ஃபுளோரிடாவில் டனீடன் என்ற சின்ன ஊருக்குத்தான் போகிறது. ஒரு மார்ச் மாதம் மகனோடு போனேன். மைதானம் வீடுகளுக்கு நடுவில், ஊர் நூலகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாங்கள் இருந்த இடத்திலிருந்து, பந்தைப் பிடிக்கும் கட்சரின் கையுறையில் பந்து விழும் சத்தம் காதில் அறைந்தது, ரீவியில் அது கேட்பதே இல்லை. அன்று எறிந்த பிட்சர் ஒரே மெதுப் பந்தைத் திரும்பத் திரும்ப எறிந்தார். இரண்டு பேர் அதைச் சுவருக்கு அடித்தார்கள். அவர் முகத்தில் கவலை ஒன்றும் இல்லை. இறங்கி வந்து கட்சரிடம் விரல்களை வைத்துக் காட்டி, இப்படிப் பிடித்தேன் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பந்தைப் பழகத்தான் அன்று வந்திருந்தார். ஸ்கோர் அட்டையில் அது இரண்டு மோசமான ஹிட். ஆறாவது இன்னிங்ஸுக்குப் பிறகு 90 க்கு மேற்பட்ட இலக்கம் போட்ட பெடியன்கள்தான் களத்தில். அந்த ஆட்டத்தின் முடிவு எனக்கு இன்றைக்கு ஞாபகம் இல்லை.

ஆகவே மார்ச் மாத வெற்றி தோல்வியையும், யார் .400 அடிக்கிறார் என்பதையும் விட்டுவிடலாம். ‘வாழ்க்கையிலேயே இப்போதுதான் ஆக நல்ல உடற்கட்டோடு வந்திருக்கிறார்’ என்ற செய்தி ஒவ்வொரு அணியிலும் ஒவ்வொரு வருடமும் வரும், அதையும் விடலாம். இந்த வருடம் மார்ச்சில் உலக பேஸ்போல் கிளாசிக் வேறு நடக்கிறது, பல அணிகளின் பெரிய ஆட்கள் தங்கள் நாடுகளுக்கு விளையாடப் போய்விடுவார்கள். பார்க்கவேண்டியது பிட்சர்களின் வேகம். போன வருடத்தைவிட இரண்டு மைல் குறைந்திருந்தால் அது உண்மையான செய்தி. ஒருவருடைய முறை ‘ஒரு நாள் தள்ளிப் போடப்பட்டது’ என்று வந்தால் கவனியுங்கள், காயச் செய்திகள் பலதும் அப்படித்தான் சின்னதாகத் தொடங்கும்.

பிட்சர்களும் கட்சர்களும் பெப்ரவரி நடுவில் வருகிறார்கள். முகாம் திறந்த பிறகுதான் நீண்ட காயம் உள்ளவர்களை 60 நாள் காயப் பட்டியலுக்கு மாற்றலாம். மாற்றினால் நாற்பதில் ஒரு இடம் காலியாகும். அதனால்தான் அந்தக் கிழமையில் திடீரென்று சின்னக் கையெழுத்துகள் வரிசையாக வரும், கிளெமென்ட் மாதிரி ஒரு வரிச் செய்திகள். அடுத்த கிழமை சாப்பாட்டு மேசையில் யாராவது ஒரு புதுப் பெயரைச் சொன்னால், ‘அவருக்கு ஒப்ஷன் எத்தனை மிச்சம்?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரிந்தவர் யார் என்று பார்த்து, ஏப்ரலில் அவருக்குப் பக்கத்தில் இருந்து ஆட்டத்தைப் பாருங்கள்.